என்ர படிவமும் கேர்னலும்
இறுதியாண்டு ஆய்வுக்காக ஊரில் பெரியாக்களிடம் பதிவுசெய்த குரல்களால் என்ர லப்டொப் நிறைஞ்சிட்டுது. விஞ்ஞான பீடத்து நண்பன் ஒருவன், தன்ர பழைய கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை நெட்வேர்க் வழியாக எனக்குத் தாறன் எண்டான். இப்படி டிஸ்க் கொடுக்கும் பக்கத்துக்கு 'டார்கெட்' எண்டு பெயர். லினக்ஸ் கேர்னலுக்குள் 2011 இலிருந்து அதுக்கு எல்.ஐ.ஓ. என்றொரு பகுதி இருக்கு.

கொடுக்கும் வழிகள் பல: ஐஸ்கசி, ஃபைபர் சனல் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரைவர். அது எல்.ஐ.ஓ.விடம் ஒரு படிவம் நீட்டுகிறது. அதில் தன் பெயரும், 'இன்ன வேலைக்கு என்ர இன்ன பங்ஷனைக் கூப்பிடு' என்ற பட்டியலும். கட்டாயமான ஒன்று விடுபட்டால் பதிவு இல்லை. ஆனால் எது விடுபட்டது எண்டு கேர்னல் எழுதிவைக்கும்.

முதலாம் வருசம் என்ர பதிவுப் படிவம் மூன்று தரம் திரும்பி வந்தது. என்ன குறையெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

நண்பன் 'ஐஸ்கசி' என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாக்கினான். அந்த ட்ரைவர் அதுவரை பதிவாகவே இல்லை. கேர்னல் பட்டியலில் பெயரைத் தேடியது, காணவில்லை, தானே போய் ட்ரைவரை ஏற்றியது. அது வந்து பதிந்த பிறகு வேலை தொடர்ந்தது.

"வராத ஆளைக் கூப்பிட்டுப் பதியுது மச்சான்!"

"எல்லாரையும் இல்ல. ஒண்டிரண்டு பேரைத்தான்."

அதுவும் சரிதான். இரவு பதினொன்றுக்கு முதல் கோப்பு போகத் தொடங்கியது. அம்மம்மாவின்ர குரல், 47 நிமிசம்.