மறைத்த வயரும் தெரிய வேண்டும்



இங்கிலாந்திலுள்ள என் தம்பி மகன், பாகங்களாக வரும் கேட்டர்ஹாம் செவன் காரை வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறான். 1957இல் லோட்டஸ் கொண்டுவந்த வண்டி. 1973 முதல் கேட்டர்ஹாம் கையில். இரண்டே சீட்டு. ஒன்று அவன் மகளுக்காம்.

வீடியோவில் இன்ஜினைக் காட்டினான். வயரே தெரியவில்லை, எல்லாம் சேஸிஸ் குழாய்களுக்கு அடியில். அழகுதான். ஆனால் மறைவில் உரசித் தோல் போனால் ஷார்ட் ஆகும், தீப்பிடிக்கும். டீச்சராயிற்றே, கேட்டேன்.

"சைலன்சர் குழாய்ச் சூடு?"
"தள்ளிக் கட்டியிருக்கேன் அத்தை."
"தகட்டுத் துளை அறுக்காதா?"
"ரப்பர் வளையம் போட்டாச்சு."
"இன்ஜின் குலுங்குமே?"
"அங்கே தொய்வா விட்டிருக்கேன்."
"ரெண்டு முனையிலும் பேர் எழுதி ஒட்டினியா?"

பதில் இல்லை. நாளை பழுது பார்ப்பவருக்கு அதுதானே வழி? ஒட்டிவிட்டு மூடு என்றேன்.

நீங்களும் சுவருக்குள் வயர் பதித்துப் பூசும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.