முன்பிருந்தவர்கள்

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது. உள்ளே அடகுக்கடை ரசீதுகளும் ஒரு கோடுபோட்ட நோட்டும். யாரிடம் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு வட்டி என்று பேர் போட்டு எழுதியிருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு பக்கம் படித்திருப்பேன், அம்மா பார்த்துவிட்டாள். "அடுத்தவங்க கடன் உனக்கெதுக்குடா?" என்று பிடுங்கிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வரும். வீட்டைக் காலி செய்யும்போதெல்லாம் பரண், அலமாரி, சாமி மாடம் என்று அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பாள். கடைசியாக வீட்டைக் கழுவிவிட்டுத்தான் சாவி கொடுப்பாள். வீட்டுக்காரர் எப்படியும் வெள்ளையடிக்கத்தானே போகிறார் என்று கேட்டால், "வெள்ளையடிக்கிறது அவர் வேல, தொடைக்கிறது நம்ம வேல" என்பாள்.

இப்போது நான் பார்ப்பது ஏறக்குறைய வீட்டுக்காரர் வேலைதான். சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களை வாடகைக்கு விடுகிறோம். ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கும் கிளவுட் இல்லை. முழு இயந்திரமும் ஒருவருக்கே. இதை 'பேர் மெட்டல்' என்பார்கள். தனி வீடு மாதிரி.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஓப்பன்ஸ்டேக்கின் ஐரானிக் என்ற மென்பொருள். யாரும் சிடி போடுவதில்லை, சர்வர் அறைக்குப் போவதும் இல்லை. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். ஐரானிக் அதனிடம் சொல்லி சர்வரை எழுப்பும். சர்வர் நெட்வொர்க் வழியாக ஒரு சின்ன லினக்ஸை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் ஏஜென்ட், வாடிக்கையாளர் கேட்ட இயங்குதளத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு சர்வரை மறுபடி கிளப்பும். வீடு தயார்.

வாடிக்கையாளர் காலி செய்ததும் அதே ஏஜென்ட் திரும்ப வரும், இந்த முறை துடைக்க. 'உன்னை நீயே அழித்துக்கொள்' என்று முதலில் டிஸ்க்குக்கே கட்டளை கொடுத்துப் பார்க்கும். எங்களுடைய பழைய சர்வர்களில் டிஸ்க்குகள் ரெய்டு கார்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் அந்தக் கட்டளை போய்ச் சேராது. அப்போது 'ஷ்ரெட்' வைத்து டிஸ்க் முழுக்கக் குப்பையை ஒருமுறை, பூஜ்யத்தை ஒருமுறை எழுதவேண்டும். 4 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஒரு சுற்றுக்கே ஏழரை மணி நேரம். இரண்டு சுற்றுக்குப் பதினைந்து.

அந்தப் பதினைந்து மணி நேரம்தான் பிரச்சினை. சர்வர் கேட்டு ஆட்கள் காத்திருப்பார்கள். எங்கள் திரையில் 'கிளீன் வெயிட்' என்று நின்றுகொண்டிருக்கும். மேனேஜர் தினமும் கேட்பார், "இன்னுமா கழுவிட்டு இருக்கு?"

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். டிஸ்க்கை முழுதாக அழிக்கும் வேலைக்கான முன்னுரிமை 10 என்று இருக்கும். அதை 0 ஆக்கினால் அந்த வேலை நடக்கவே நடக்காது. பார்ட்டிஷன் அட்டவணையை அழிக்கும் சின்ன வேலை மட்டும் நடக்கும், அதுவும் சில நிமிடங்களில். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த சாமானை அப்படியே விட்டதுபோல. பார்க்கிறவருக்கு டிஸ்க் காலியாகத்தான் தெரியும். "சூப்பர்ப்பா" என்றார் மேனேஜர்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமுடியாது. 2003இல் எம்ஐடி மாணவர்களான சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலட் இருவரும் வெளியிட்ட ஆய்வைப் படித்திருக்கிறேன். பழைய டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை வெறும் 12. மற்றவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதல் கடிதங்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தக் கதையை நானே சொல்வேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ராத்திரி போன் வந்தது. புது வாடிக்கையாளர், சின்னப் பையன்.

"ப்ரோ, என் ஃபைல் ஒண்ணத் தெரியாம அழிச்சிட்டேன். ரெக்கவரி டூல் போட்டுப் பாத்தேன். என்னோடது வரல. வேற யாரோடதோ வருது."

அவன் அனுப்பியவை ரத்தப் பரிசோதனை முடிவுகள். அந்த சர்வரில் முன்பு இருந்தது ஒரு சிறிய பரிசோதனைக்கூடம். பேர், வயது, போன் நம்பர், கீழே முடிவு. யாருடைய சரக்கு என்று தெரிந்துகொள்ள முதல் பக்கத்தின் தலைப்பு போதும். நான் நாலைந்தைத் திறந்தேன். ஒன்று என்னைவிட இரண்டு வயது சின்னப் பெண்ணுடையது. அதை முழுதாகப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. படித்தேன். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் மேனேஜர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "பையனுக்கு வேற சர்வர் குடு, அந்த ஃபைல அழிக்கச் சொல்லு. லேப்காரங்க போயி நாலு மாசம் ஆச்சு, இப்பக் கூப்பிட்டு என்னன்னு சொல்றது? சுத்தமா வைப் பண்ணிடு." பக்கத்தில் இருந்த டீம் லீட் அக்கா வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எழுத்துல ஒரு மெயிலாவது போட்டு வைடா."

நான் போடவில்லை. அந்த எண்ணை மறுபடி 10 ஆக்கினேன். சர்வரைத் துடைக்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து மணி நேரம், இரண்டு சுற்று. எதையும் விடவில்லை. விடியற்காலையில் 'அவெய்லபிள்' என்று வந்தபோதுதான் உறைத்தது. அந்த டிஸ்க்கில் அந்தப் பெண்ணின் ரகசியத்தோடு என் தப்புக்கான சாட்சியும் இருந்தது. இரண்டையும் ஒரே கட்டளையில் அழித்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிவேட்டில் இருக்கிறது. எதை அழித்தது என்று இல்லை. இனி யாராலும் எதையும் நிரூபிக்கமுடியாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். சர்வர் என்றால் அவளுக்கு என்ன புரியும் என்று வாடகை வீடாக வைத்துச் சொன்னேன். பரணில் கிடந்ததை அடுத்து வந்தவன் எடுத்துப் படித்துவிட்டான், நானும் படித்தேன், அப்புறம் எரித்துவிட்டேன் என்று. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வச்சிட்டுப் போனவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நான் அந்த மஞ்சப்பைய எரிச்சது தப்புடா. வீட்டுக்காரர்கிட்ட விலாசம் கேட்டுக் குடுத்திருக்கணும். அடகு ரசீது இல்லாம நகைய எப்படித் திருப்பியிருப்பாங்களோ." இதை இருபது வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஊரிலிருந்து திரும்பி வந்து அந்த மெயிலை எழுதினேன். என்ன மாற்றினேன், எந்தத் தேதியில், எத்தனை சர்வர்கள் அந்த நான்கு மாதத்தில் கைமாறின, பரிசோதனைக்கூடத்துக்கு நாம் ஏன் சொல்லியாகவேண்டும். மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் போட்டேன். அக்காவுக்கும் ஒரு பிரதி. மொத்தம் பதினோரு சர்வர்கள். எழுதும்வரை நான் எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அனுப்பி ஒன்பது நாளாகிறது. அக்கா மட்டும் "சரி" என்று பதில் போட்டிருக்கிறார்.