பங்காளிகள்

சியாட்டிலில் வீடு வாங்கிய பிறகுதான் தெரிந்தது, இங்கே துறைமுகமும் நம்மிடம் சொத்துவரி வாங்குகிறது என்று. ஐம்பது கிலோமீட்டர் தெற்கே டகோமாவிலும் அதே கதைதான். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஐந்து ஆணையர்கள், ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள்.

பல வருஷம் இரண்டுக்கும் பங்காளிச் சண்டை. 1985இல் ஸீ-லேண்ட் கப்பல் கம்பெனி சியாட்டிலை விட்டு டகோமா போனது. 2009இல் மெர்ஸ்க் டகோமாவை விட்டு சியாட்டில் வந்தது. 2012இல் வேறொரு கப்பல் கூட்டணி டகோமாவுக்கு. குடித்தனக்காரரை இழுக்க வாடகையைக் குறைத்தால் யாருக்கு லாபம்? குடித்தனக்காரருக்குத்தான். பள்ளத்தை அடைப்பது வரி கட்டுகிறவன்.

இதற்கிடையில் வடக்கே, கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் 2007இல் கன்டெய்னர் முனையம் திறந்துவிட்டது. ஆசியாவிலிருந்து வரும் கப்பலுக்கு அது இன்னும் கிட்டம். அங்கிருந்து சிகாகோவுக்கு நேர் ரயில். கப்பல் கம்பெனிகளோ தங்களுக்குள் கூட்டணி போட்டு ஒரே குரலில் பேரம் பேசின.

2015இல் இரு துறைமுகங்களும் கன்டெய்னர் வியாபாரத்தை ஒன்றாக்கி ‘நார்த்வெஸ்ட் சீபோர்ட் அலயன்ஸ்’ அமைத்தன. நிலம் அவரவருடையது, வரவும் செலவும் பொது. பாசத்தால் வந்த ஒற்றுமை இல்லை, வேறு வழியில்லாமல் வந்தது. அதனால்தானோ என்னவோ நிற்கிறது.

சியாட்டிலின் ஐந்தாம் முனையம் புதுப்பிக்கப்பட்டு 2022இல் திறந்தபோது, அதில் டகோமாவின் பணமும் இருந்தது. முன்பானால் டகோமாவில் இதைச் சொல்லி யாரும் ஓட்டுக் கேட்டிருக்க முடியாது. பங்காளி என்ற சொல்லுக்குப் பகையாளி என்று மட்டுமா பொருள்? பங்கு உள்ளவன் என்றும்தானே!