துரை கொண்டுவந்த ஊர்

பதுளையில் ரயிலேறினால் தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை தாண்டி அப்புத்தளையில் இறங்கலாம். பதுளை வரை தண்டவாளம் வந்ததே 1924இல்தான். அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1894இல், பண்டாரவளைக்கு ரயில் வந்துவிட்டது. அப்புத்தளை நிலையத்திலிருந்து அடிஷாம் பங்களா மூன்று கிலோமீட்டர். ஆட்டோ வேண்டாமென்று நடந்தேன். ஒரு பக்கம் தங்கமலைக் காடு, மறுபக்கம் பனிமூட்டம்.

சர் தாமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த வீடு இது. பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசலின் மகள் வயிற்றுப் பேரன். 1887இல் தோட்டத்தொழில் பழக இலங்கைக்கு வந்தவர், பின்னாளில் கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவரானார். இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் அடிஷாம் கிராமத்தில் பிறந்தவர் என்பதால், கட்டிய வீட்டுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

பெயரோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்து, பூத், வெப்ஸ்டர் என்ற இரு கட்டடக் கலைஞர்களைக் கொண்டு, டியூடர் பாணியில் ஒரு கல்வீட்டையே எழுப்பிவிட்டார். மலைநாட்டுத் துரை பங்களா என்றால் தாழ்ந்த கூரையும் நீண்ட விறாந்தையுமாக மழைக்கு வளைந்து கொடுத்து நிற்கும். இது வளையவில்லை. கருங்கல் சுவர், பர்மாத் தேக்குக் கதவு, மரச்சில்லுக் கூரை, உயரமான புகைபோக்கிகள். 1,400 மீட்டருக்கு மேல் அடிக்கும் குளிருக்குப் புகைபோக்கி சரி. அம்பு எய்வதற்கென்றே வைத்ததுபோல் அந்தக் குறுகிய சாளரங்கள் எதற்கு? கொழுந்து பறிக்கிறவர்கள் மேல் எய்யவா? சுவரில் கை வைத்தேன். உளி கொத்திய தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதைக் கொத்தியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இப்போது இது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வரவேற்பறையையும் நூலகத்தையும் மட்டும் பார்க்க விடுகிறார்கள், பழைய தளவாடங்கள் அப்படியே இருக்கின்றன. வெளியே துறவிகள் செய்த ஜேம் விற்பனை. பெரும்பாலோர் அதற்காகத்தான் வருகிறார்களோ என்று தோன்றியது.

எனக்கு வில்லியர்ஸ் மேல் கோபம் வரவில்லை. பிறந்த ஊரைக் கூடவே கொண்டுவரும் ஆசை துரைமாருக்கு மட்டுமா? திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து தோட்டவேலைக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் காமன் கூத்தையும் இதே மலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். வசதி வேறு. அவருக்குக் கருங்கல் கிடைத்தது, இவர்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. சுதந்திரத்தை ஒட்டி அவர் வீட்டை விற்றுவிட்டு இங்கிலாந்து போனார். அது அவராகப் போன போக்கு. லயத்தில் இருந்தவர்களுக்கு 1948இன் சட்டம் குடியுரிமையை இல்லாமலாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

துரை வீடு பத்திரமாக இருக்கிறது, இருக்கட்டும். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அப்புத்தளையிலிருந்து கண்டி போகிறவர்களுக்கு அது பெரிய சுற்று இல்லை. ஜேம் போத்தலைப் பைக்குள் போட்டுக்கொண்டு அதற்கு வழி விசாரித்தேன். கடையில் நின்ற பையனுக்குத் தெரியவில்லை.