இருபத்தாறு வயசு அம்மா

இந்த வீட்டுப் பக்கம் வந்து ஒட்டடை அடிச்சே பல மாசம் ஆச்சு. இன்னிக்கு என்னை எழுத வச்சது என் பொண்ணு. செமஸ்டர் லீவுக்கு ஹாஸ்டல்லேர்ந்து வந்தவ, "அம்மா, உனக்குன்னே எடுத்த மாதிரி ஒரு சீரியல் இருக்கு, வந்து உக்காரு"ன்னு அடுப்பை அணைச்சுட்டு இழுத்துட்டுப் போனா. நம்மூர் மாமியார்-மருமகள் சமாசாரம் இல்லைங்க. அமெரிக்க சீரியல், பேரு 'யங்கர்'. 2015-லேர்ந்து 2021 வரைக்கும் 7 சீசன் ஓடியிருக்கு. நான்தான் வழக்கம் போல லேட்டு.

கதை இதுதான். லைசா மில்லர்னு ஒரு அம்மணி. நியூஜெர்சிக்காரி, வயசு 40. ஒரு காலத்துல பதிப்பகத்துல வேலை பார்த்தவ, பொண்ணு பிறந்ததும் வேலையை விட்டுட்டா. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப விவாகரத்து, கையில காசு இல்லை, மறுபடி வேலை தேடறா. பேட்டி எடுக்கறதெல்லாம் நேத்து காலேஜ் முடிச்ச பசங்க. இவளோட அனுபவத்தைப் பத்தி யாருக்கும் அக்கறை இல்லை, நடுவுல விட்ட வருஷங்கள்தான் கண்ணுல படுது. அலுத்துப் போய் ஒரு பார்ல உக்காந்திருக்கறப்ப, ஜாஷ்னு பச்சை குத்தற பையன் ஒருத்தன் இவளையும் தன் வயசுப் பொண்ணுன்னு நினைச்சுப் பேச ஆரம்பிக்கிறான். அவனுக்கு 26. தோழி மேகி உடனே பிடிச்சுக்கறா: அவன் நம்பினா ஆபீஸும் நம்பும்! முடிக்கு கலர் அடிச்சு, உடுப்பை மாத்தி, 26 வயசுன்னு சொல்லி ஒரு பதிப்பகத்துல உதவியாளரா சேர்ந்துடறா நம்ம லைசா. மேலதிகாரி டயானாவும் நாற்பதைத் தாண்டினவதான். அவளுக்குக் காபி வாங்கிட்டு வரணும்!

அப்புறம் என்ன, காதல், காமெடி, நாலு எபிசோடுக்கு ஒரு தடவை மாட்டிக்கப் பார்த்துத் தப்பிக்கறது. நிஜமாவே வயசுக்குப் பொருத்தமா, குழந்தைங்களோட இருக்கற மனுஷன் முதலாளி சார்லஸ். அவருக்கும் இவ மேல ஒரு இது. ஆனா பாருங்க, 'இவ்ளோ சின்னப் பொண்ணாச்சே'ன்னு அவரு தயங்கறாரு. நானும் பொண்ணும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அப்புறம் ஒரு இடத்துல எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

26 வயசுக்காரிக்குக் காலேஜ் போற பொண்ணு இருக்க முடியாது இல்லையா? அதனால லைசா ஆபீஸ்ல தனக்கு ஒரு மக இருக்கறதையே மறைக்கணும். அந்தப் பொண்ணு கெய்ட்லின் படிக்கப் போயிருக்கறது எங்கேன்னு நினைக்கறீங்க? நம்ம இந்தியாவுக்கு! மக கூப்பிட்டா மறைஞ்சு போய்ப் பேசணும். வயசைக் குறைக்கறதுன்னா முடிக்குச் சாயம் பூசறதுன்னுதான் எல்லாரும் நினைக்கறோம். அது சுலபம். வாழ்ந்த வருஷங்களை அழிக்கணும், அதுல இருக்கற ஆளுங்களையும் சேர்த்து அழிக்கணும். அதுதான் கஷ்டம்.

பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்ணு சாதாரணமாத்தான் கேட்டா. "நீயும் இப்படி ட்ரை பண்ணியிருக்கலாம்லம்மா?"

இங்கே கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கோங்க.

நான் 1998-ல வேலைக்குச் சேர்ந்தவ. சென்னையில ஒரு மென்பொருள் கம்பெனி, வங்கிகளுக்கான புரோகிராம் எழுதற வேலை. 2005-ல இவ பிறந்தா. அப்ப விட்ட வேலையை மறுபடி தேட ஆரம்பிச்சது 2019-ல, எனக்கு 43. இடைவெளி 14 வருஷம். ராமரே அதுக்குள்ள காட்டுலேர்ந்து திரும்பி வந்துட்டாரு!

ரெஸ்யூமேவைப் பார்த்த கன்சல்டன்சிப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, உதவி பண்ணணும்னுதான் சொல்லிச்சு. "மேம், பிறந்த தேதியை எடுத்துடுங்க. டிகிரி முடிச்ச வருஷத்தையும் எடுத்துடுங்க. குழந்தை பத்தி நீங்களா ஒண்ணும் பேசாதீங்க." எடுத்தேன். மூணு பக்கம் இருந்தது ஒண்ணரைப் பக்கம் ஆச்சு. முந்தின நாள் ராத்திரி ரங்கமணி பிரஷ் பிடிச்சு டை அடிச்சு விட்டாரு. காது நுனி ரெண்டும் கருப்பு. காலையில எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சும் போகலை.

பேட்டி எடுத்தவனுக்கு 28 இருக்கலாம். வந்ததுமே "உக்காருங்க ஆன்..."ன்னு ஆரம்பிச்சு, நாக்கைக் கடிச்சுட்டு, "மேம்"னான். சரி, அதை விடுங்க. நல்லாத்தான் பேசினேன். பழைய வேலையைப் பத்திக் கேட்டதுக்கெல்லாம் கடகடன்னு பதில் வந்தது. முடியப் போற நேரத்துல, பக்கத்துல இருந்த மனிதவளப் பொண்ணு, "வீட்ல யார் யார் மேம்?"னு கேட்டுச்சு.

"நானும் ஹஸ்பண்டும் மட்டும்தான்" அப்படின்னேன்.

வாயிலேர்ந்து தானா வந்துடுச்சு. யோசிக்கவே இல்லை. 14 வயசுப் பொண்ணை ஒரே வரியில அழிச்சுட்டேன். வேலையும் கிடைக்கலைங்கறது தனி. 'இந்த வேலைக்கு உங்க தகுதி அதிகம்'னு மெயில் வந்தது. தகுதி குறைவுன்னு சொல்லியிருந்தாக்கூட படிச்சுக்கலாம். அதிகமா இருக்கறதை எங்க போய்க் கழட்டி வைக்கறது?

அமெரிக்காவுல இதுக்குன்னு 1967-லேர்ந்து தனிச் சட்டமே இருக்கு. 40 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களை வயசைக் காரணம் காட்டி வேலையில ஒதுக்கக் கூடாது. அதாவது நம்ம லைசா சரியா அந்த வாசல்படியில நிக்கறா. ஆனா யாரு வாயைத் திறந்து 'உனக்கு வயசாயிடுச்சு'ன்னு சொல்லப் போறாங்க? 2009-ல அவங்க உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்புல இறுக்கிடுச்சு. பல காரணங்கள்ல வயசும் ஒண்ணுன்னு காட்டினா பத்தாதாம், வயசு இல்லைன்னா இந்த முடிவே எடுத்திருக்க மாட்டாங்கன்னு நிரூபிக்கணுமாம். ஒன்றரைப் பக்க ரெஸ்யூமேவை வச்சுக்கிட்டு யாரால நிரூபிக்க முடியும்?

நம்ம பக்கம் இன்னும் சுத்தம். அரசு வேலையில பாகுபாடு கூடாதுன்னு சொல்ற அரசியல் சாசனத்தோட 16-வது பிரிவுல மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் எல்லாம் இருக்கு. வயசு இல்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களுக்கு ஒரு காலத்துல ஒரு விதி இருந்தது: 35 வயசானா ஓய்வு, இல்லை அதுக்கு முன்னாடியே முதல் தடவை கர்ப்பமானா வேலை காலி. கர்ப்பமானா போகணும்ங்கறதை 1981-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அந்த விதியை எழுதின ஆளுங்களாவது மனசுல இருந்ததை ஒளிக்காம எழுதினாங்க. வயசும் பிள்ளையும் ஒரே வாக்கியத்துல. இப்ப அதை யாரும் எழுதறதில்லை. நாமளே நம்ம கையால அழிச்சுக்கறோம்.

சரி, கதைக்கு வரேன். பொண்ணு கேட்டதும் நான் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் டிவியை நிறுத்திட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆறேழு வருஷமா தொண்டையில நின்ன விஷயம். அழுவா, இல்லைன்னா கோவிச்சுக்குவான்னு பயந்துட்டு இருந்தேன்.

"அன்னிக்குத்தானே எனக்கு பயாலஜி டெஸ்ட்?"

"ஆமா."

"நீ கிளம்பற அவசரத்துல டிபன் வைக்க மறந்துட்டே. நான் யுவா வீட்டு டப்பாவைத் தின்னேன். அவங்கம்மா கிட்ட, எங்கம்மா ஊர்ல இல்லைன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! ஏன்டி அப்படிச் சொன்னே?"

"அம்மா மறந்துட்டாங்கன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு. பிளே பண்ணு."

கணக்கு சரியாப் போகலைன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி பக்கத்துல வந்து படுத்துக்கிட்டா, அது போதும்.

அப்புறம் வேலை கிடைச்சுதான்னு கேக்கறவங்களுக்கு: கிடைச்சுது. 2020 ஆரம்பத்துல, தெரிஞ்சவங்க மூலமா ஒரு சின்னக் கம்பெனி. கணக்கு மென்பொருள் வித்து, வாங்கினவங்களுக்கு ஃபோன்ல சந்தேகம் தீர்க்கற வேலை. அங்கே போனப்ப ரெஸ்யூமேல வருஷங்களைத் திரும்பப் போட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன். முதலாளிக்கு அறுபது இருக்கும். கண்ணாடியை இறக்கி, "பதினாலு வருஷம் என்னம்மா பண்ணீங்க?"ன்னாரு.

"பொண்ணை வளர்த்தேன் சார்."

"நல்லா வளர்த்தீங்களா?"

"இன்னும் முடியலை சார், அதனால தெரியலை."

சிரிச்சுட்டு, திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாரு. சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, 2005-ல விட்டதைத் தொட எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

கடைசியா ஒண்ணு. ரங்கமணிக்கு ஐம்பது தாண்டியாச்சு. இத்தனை வருஷத்துல எந்தப் பேட்டியிலயும் அவரை யாரும் 'வீட்ல யார் யார்'னு கேட்டதில்லையாம், நேத்துதான் யோசிச்சுப் பார்த்துச் சொன்னாரு. ஆனா போன மாசம் அவர் டீம்ல ரெண்டு சீனியருங்களை அனுப்பிட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமை காலையில டை கிண்ணத்தை எடுத்துட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு, ஒண்ணும் பேசாம பிரஷ்ஷை என் கையில கொடுத்தாரு.

காதுல படாம பார்த்துப் பூசினேன்.