ஜெராய் மலைக்கு ஒரு பகல்

கடாரம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது இராசேந்திர சோழனின் கப்பற்படைதான். 1025ஆம் ஆண்டில் நடந்த அந்தப் படையெடுப்பைப் பேரவை மேடையில் நாடகமாகவும் பட்டிமன்றமாகவும் எத்தனையோ முறை நடத்திவிட்டோம். ஆனால், கடலில் வந்த மாலுமிகளுக்குக் கரையைக் காட்டிய ஜெராய் மலை இன்றும் கெடாவில்தான் நிற்கிறது. அதன் மேல் காலால் நடந்து ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கார் செல்லும் சாலையில் ஏறி, மேலே தேநீர் குடித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங். தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்த இடம். கொஞ்சம் தள்ளிப் போனால் நெல்வயல். ஒரு பக்கம் கெரியாங் சுண்ணாம்புக் குன்று தெரியும். வானம் தெளிந்த நாளில் தெற்கே பார்த்தால் நீல நிறத்தில் ஜெராய் தெரியும். உயரம் 1,217 மீட்டர்தான். ஆனாலும் கடலோரச் சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்பதால் பார்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

என் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். முப்பது ஆண்டுகள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். ஒரு முறைகூட ஏறியதில்லை. “மலைய பாக்கிறது மழைக்குத்தாம்மா. அது முக்காடு போட்டுகிச்சுன்னா சீக்கிரம் பால எடுத்துடணும்” என்பார். மங்கில் மழைநீர் விழுந்தால் பால் கெட்டுவிடும். அன்றைய கூலியும் போய்விடும். உச்சியில் மேகம் இறங்குவதைத்தான் அவர் முக்காடு என்று சொன்னார். மலையேற்றத்துக்குத் திட்டமிட உட்கார்ந்தபோது எனக்கு முதலில் உதவியது அந்த ஒரு வார்த்தைதான்.

2023 பிப்ரவரியில் பேரவை நண்பர்கள் பதினொரு பேர் ஜெராய் ஏறுவது என்று முடிவு செய்தோம். ஏழு பேர் பெண்கள். முதல் தடை எங்கள் வீடுகளிலேயே இருந்தது. “காட்டுக்குள்ள போயி என்னா இருக்கு? பொம்பளப் புள்ளைங்க போற எடமா அது?” என்றார் அம்மா. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். யார் யார் போகிறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்குத் திரும்புதல், மாலை எத்தனை மணிக்குள் என் அழைப்பு வரவில்லையென்றால் யாரை அழைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். கடைசி வரியில் 999. இரவு வேலை முடிந்து வந்த அப்பா அதை இரண்டு முறை படித்தார். “ஒரு மணிக்குத் திரும்பிடுவோம்னு எழுதியிருக்க. எங்க இருந்தாலுமா?” என்று கேட்டார். எங்கே இருந்தாலும் என்றேன். அந்தத் தாளை அவர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார். அதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி.

எனக்குத் தெரிந்த வரையில் ஒருநாள் மலையேற்றத்தின் உயிரே அந்தத் திரும்பும் நேரத்தில்தான் இருக்கிறது. அதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது அது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் நடந்து 1,000 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நடைக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், ஏற்றத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம், ஆக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் அந்தக் கணக்கு குளிர்நாட்டு மலைகளுக்கு உரியது. நம் காட்டில் வேர்களும் வழுக்குப் பாறைகளும் புழுக்கமும் உண்டு. நடந்து பழகாத நண்பர்களும் உண்டு. எனவே நாங்கள் ஐந்து மணி நேரம் என்று வைத்தோம். காலை ஏழரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டரை. அரை மணி நேரம் கூடுதலாகச் சேர்த்து, ஒரு மணி எங்கள் எல்லை. கெடாவில் பொழுது சாய ஏழரை மணியாகும் என்றாலும், மரங்களுக்கு அடியில் அதற்கு வெகுமுன்பே இருட்டிவிடும். ஐந்து மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது அனுமதி. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் காட்டிலாகாவின் பெர்மிட் இல்லாமல் நுழையக் கூடாது. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். பெர்மிட் வாங்கப் போகும்போதே எந்தப் பாதை திறந்திருக்கிறது, வழிகாட்டி யார் என்பதையெல்லாம் விசாரித்துக்கொள்ளலாம்.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சத்து கரைக்கும் பொட்டலம், புளிச்சோறு, மழைச்சட்டை, விசில், அட்டை ஏறாமலிருக்க நீண்ட காலுறை. காலணிக்கு விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. மரம் வெட்டுபவர்கள் போடும், அடியில் முட்கள் வைத்த கறுப்பு ரப்பர் காலணியே ஈரக் களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும். மலையேறுபவர்கள் அதை ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவிளக்கும் கட்டாயம். நான் அதை நெற்றியில் மாட்டிப் பார்த்தபோது பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டி நிரைக்குப் போனவர் அல்லவா அவர்!

தண்ணீரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த கனமழை, மண்ணையும் மரங்களையும் பாறைகளையும் அடித்துக்கொண்டு யான், மெர்போக் பக்கங்களில் இறங்கியது. உயிர்கள் பலியாயின, வீடுகளும் நீர்வீழ்ச்சிப் பகுதிகளும் நாசமாயின. மலாய்க்காரர்கள் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேலே பெய்த மழை ஆற்றில் திடீரென்று வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் மாறுவது ஆகியவைதான் அதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பையைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நாங்கள் யான் பக்கத்துப் பாதையில் ஏறினோம். காலையில் கடந்த ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. பதினொன்றே முக்காலுக்கு ஒரு திறந்த பாறையை அடைந்தோம். கீழே யான் வயல்கள், அதற்கப்பால் கடல். திரும்பி மேலே பார்த்தேன். மலை முக்காடு போட்டிருந்தது.

எல்லை நேரத்துக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல் இருந்தது. பிப்ரவரி கெடாவில் வறண்ட மாதம். ஆனாலும் வழிகாட்டி மேகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “திரும்புவோம்” என்றேன். இரண்டு பேருக்குக் கோபம். இளைய மாணவி ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஒரு வாரம் போராடி வந்தவள் அவள். இறங்கும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. இரண்டேகால் மணிக்கு அதே ஓடையைக் கடந்தோம். நீர் தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் தலையில் ஒரு துளி மழைகூட இல்லை. அவளுடைய கோபம் நியாயமோ என்று எனக்கே தோன்றியது.

அடிவாரக் கடையில் உட்கார்ந்து தேநீர் சொன்னோம். மூன்று மணிக்கு மேல் மலையில் இடி கேட்டது. சற்று நேரத்தில், கடைக்குப் பின்னால் ஓடிய ஆறு தே தாரிக் நிறத்தில் கலங்கி, மரக்கிளைகளோடு வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பெண்தான் முதலில் வாய் திறந்தாள். “அக்கா, அடுத்த தடவை எப்ப வரலாம்?” ஐந்து மணிக்கு அம்மாவை அழைத்துச் சொன்னேன். அதுவரை தாளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததாகப் பிறகு அப்பா சொன்னார்.

மலை கைகொடுக்காவிட்டால் வேறு என்ன செய்யலாம் என்பதையும் முன்பே எழுதியிருந்தோம். மறுநாள் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1960 வாக்கில் திரும்ப எழுப்பிய புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் அங்கே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஜெராயிலிருந்து இறங்கும் ஓடை ஓடுகிறது. பாடநூலில் படமாகப் பார்த்த கல் அது. முதல் நாள் கால் வலியோடு அதன் முன் நின்றபோது, இதைக் கட்டியவர்களும் அந்த முக்காட்டைப் பார்த்து மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள் என்று தோன்றியது. கடாரம் என்ற சொல் எனக்கு அன்றுதான் ஓர் ஊரானது.

2024 ஜனவரியில் மீண்டும் போனோம். அந்தப் பெண்தான் தாளை எழுதினாள். அந்த முறை பன்னிரண்டு பத்துக்கு மேலே சென்றுவிட்டோம். காற்று குளிர்ந்திருந்தது. உச்சிப் பகுதியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வடக்கே வயல்களுக்கு நடுவில் கெரியாங் ஒரு கூழாங்கல்லைப் போலத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கோ மெர்கோங்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நேராக ஜெராய்க்குப் போக வேண்டாம். முதலில் ஜித்ரா பக்கத்துப் புக்கிட் வாங் பொழுதுபோக்கு வனத்தில் நடந்து பழகுங்கள். உங்கள் குழுவில் யார் மெதுவாக நடப்பவர் என்று பாருங்கள். அவருடைய வேகம்தான் உங்கள் வேகம். பிறகு தாளை எழுதுங்கள், வீட்டில் ஒட்டுங்கள், அதில் எழுதியபடியே நடந்துகொள்ளுங்கள். மாதிரிக்கு எங்கள் தாளின் படி ஒன்று பேரவை அறையிலுள்ள கோப்பில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.