ஜூஸ் ஃபேக்டரி வாசலில்

ஜூன் பிறந்துவிட்டால் ஆந்திரத்தின் சித்தூரைச் சுற்றியுள்ள ஜூஸ் ஃபேக்டரிகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டும். டிரெய்லர் நிறைய தோத்தாபுரி. தமிழ்நாட்டு மண்டிகளில் இதையே பெங்களூரா, கிளிமூக்கு என்பார்கள். கடித்துச் சாப்பிட இது பங்கனபள்ளிக்கு ஈடாகாதுதான். ஆனால் சதை அதிகம். இனிப்போடு புளிப்பும் கூடவே நிற்கும். பாட்டிலில் வரும் மாம்பழ பானத்துக்கும், பார்களில் ஐஸ், பழச்சாறு, மது சேர்த்துக் கலக்கும் காக்டெயிலுக்கும் அந்தப் புளிப்புதான் வேண்டும்.

காயாக வந்து இறங்குவதை எத்திலீன் வாயு அறையில் வைத்துப் பழுக்க விடுகிறார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்க இந்தியாவில் தடை உண்டு. கழுவிய பழம் பெல்ட்டில் நகர்ந்து வர, இருபுறமும் தலையில் வலைத்தொப்பியோடு பெண்கள். காம்படி கறுத்தது, ஒரு பக்கம் அழுகியது, இன்னும் காயாக இருப்பது எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தனிக் கூடைக்குப் போய்விடுகின்றன.

“எப்படிக்கா தெரியுது?” என்று கேட்டேன். ஒருவர் பழத்தின் தோள்பகுதியை விரலால் லேசாக அழுத்திக் காட்டினார். காம்பருகே முகர்ந்து பார்க்கச் சொன்னார். உள்ளே அழுகியிருந்தால் மேல்தோல் மினுங்கினாலும் அங்கே ஒரு புளித்த வாடை வரும். தெலுங்கு கலந்த சித்தூர்த் தமிழில் அவர் விளக்கி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பழங்களைத் தள்ளிவிட்டிருந்தார். இந்தக் கைகள் தவறவிட்டதைப் பின்னால் எந்த இயந்திரத்தாலும் சரிசெய்ய முடியாது.

பிறகெல்லாம் இயந்திர வேலை. கொட்டையும் தோலும் பிரிந்து, வடிகட்டிய கூழ் 90 டிகிரிக்கு மேல் சூடாகி, ஆறி, காற்றுப் புகாத பைகளில் அடைபட்டு டிரம்முக்குள் இறங்குகிறது. குளிர்சாதனம் இல்லாமலே ஓராண்டுக்கு மேல் கெடாது.

கூழ் காத்திருக்கும், பழம் காத்திருக்காது. விவசாயி அடிபடுவது இங்கேதான். 2025இல் விளைச்சல் பெருகி, முந்தைய ஆண்டின் கூழும் கிடங்குகளில் தேங்கியதால் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது: ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய். கர்நாடகத்துத் தோத்தாபுரி உள்ளே வர சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் மண்டியிலும், அதிலிருந்து 2022இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்துத் தோப்புகளிலும் ஒரே பேச்சு: பறிக்கும் கூலிக்காவது கட்டுமா?

மாங்காய் முடிந்ததும் சில ஆலைகளில் கொய்யாவும் பப்பாளியும் ஓடும். அதற்கு இத்தனை பேர் வேண்டியதில்லை. பெல்ட்டில் நின்றவர்களில் பலர் ஆகஸ்டுக்குப் பிறகு வயல்வேலைக்குத்தான் போகிறார்கள். அழுகலை விரல் நுனியில் கண்டுபிடிக்கும் தேர்ச்சிக்கு அங்கே தனிக்கூலி கிடையாது. அடுத்த ஜூனில் ஆலை கூப்பிட்டால்தான் உண்டு.